மேடையில் பேசியது நல்ல பேச்சா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மல்லாட்டை இலைப்புள்ளி பற்றியவை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை மருந்துக்கடையில் கலந்து கொடுப்பதை வாங்கித் தெளிக்காதீர்கள். பாதித்த செடியை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். இந்த முறை பக்கம் முழுவதையும் ஒரே கடிதத்துக்குக் கொடுக்கிறேன். எழுதியவர் செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த ஒரு வாசகி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி: ஐயா, போன வருஷம் ஐப்பசியில் என் நாத்தனார் வீட்டுக்காரர் கழனியில் இருந்தபோது இடி விழுந்து இறந்துவிட்டார். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு தலைவர் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். அழுதுகொண்டே பேசினார். இந்தக் குடும்பம் இனி என் குடும்பம், ஆக வேண்டியதெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூட்டமே கை தட்டியது. அவரே பார்ப்பார் என்று நாங்களும் தாலுகா ஆபீஸ் பக்கம் போகவில்லை. இதுவரை ஒன்றும் வரவில்லை. இப்போது முதல் வருஷ நினைவு நாள் வருகிறது. ஊரில் பாதிப்பேர் அவரையே மறுபடி கூப்பிட வேண்டும் என்கிறார்கள், என்னதான் இருந்தாலும் நல்ல பேச்சு என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அது நல்ல பேச்சா ஐயா? ஒரு பேச்சு நல்லதா இல்லையா என்று எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துச் சொல்வது?

பதில்: அம்மா, முதலில் அந்தக் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பேச்சைப் பற்றிச் சொல்வதற்கு முன் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

மின்னல் தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். இது எந்தத் தலைவரும் தன் கைப்பணத்தில் தருவது இல்லை. அரசாணைப்படி அந்தக் குடும்பத்துக்கு உரியது. காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், உங்கள் நாத்தனாரின் வங்கிக் கணக்குப் புத்தகம், இவற்றின் நகலோடு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அவர் அறிக்கை எழுதி வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்கு அனுப்புவார். வாரிசுச் சான்று இல்லையென்றால் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தாமதமாகிவிட்டதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஏன் தாமதம் என்பதை ஒரு வரியில் மனுவில் எழுதிக் கொடுங்கள். திங்கள்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கும் ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. இடி விழுந்தோ பாம்பு கடித்தோ மின்சாரம் தாக்கியோ ஒருவர் இறந்தால், உடம்பை அறுக்க வேண்டாம் என்று நாம் கெஞ்சிக் கேட்டு அடக்கம் செய்துவிடுகிறோம். பிரேதப் பரிசோதனை இல்லையென்றால் பிறகு எந்த நிவாரணத்துக்கும் கோப்பு நகராது.

இனி பேச்சு. நான் அரசுப் பணியில் இருப்பவன். இன்றைக்கு இருக்கும் தலைவர்களைப் பெயர் சொல்லி எடைபோட எனக்கு நடத்தை விதி இடம் தராது, எனக்கும் அதில் விருப்பமில்லை. உங்கள் ஊருக்கு வந்தவர் யார் என்பதும் எனக்குத் தேவையில்லை. ஆனால் துக்க மேடைப் பேச்சு நம் நாட்டுக்குப் புதிதல்ல. பழையவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய பாதுகாவலர்கள் இருவரே சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் சீக்கியர்கள் என்பதால், அடுத்த சில நாட்களில் டெல்லியில் சீக்கியக் குடும்பங்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மண்ணெண்ணெயும் டயரும் கொண்டுவந்து உயிரோடு எரித்தார்கள். அரசே பின்னாளில் ஒப்புக்கொண்ட கணக்கு டெல்லியில் மட்டும் 2,733 பேர். நவம்பர் 19 இந்திராவின் பிறந்த நாள். டெல்லி போட் கிளப் மைதானத்தில் பெருங்கூட்டம். மகன் ராஜீவ் காந்தி, பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகாதவர், பேசினார். இந்திராஜி கொல்லப்பட்ட பிறகு நாட்டில் சில கலவரங்கள் நடந்தன, மக்களுக்குக் கோபம் அதிகம் இருந்தது, ஒரு பெரிய மரம் விழும்போது சுற்றியுள்ள பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் சொன்னார். 40 ஆண்டு ஆகியும் அந்த ஒரு வாக்கியம் மறையவில்லை.

அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். தாயைப் பறிகொடுத்து 19 நாள். வயது 40. அந்த நிலையில் யாருக்கும் வாய் தடுமாறும். ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் வேளாண்மைக்காரனாகவே எடைபோடுகிறேன். மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை ஏறியபோது, பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். மரம் விழுந்தால் நசுங்குவது அடியில் இருப்பது. கோழிக்கூடு, குடிசை, பக்கத்து வேலி. அது காற்றின் வேலை. யாரையும் பிடித்து ஏன் செய்தாய் என்று கேட்க முடியாது. டெல்லியில் நடந்தது அப்படியா? ஒருவன் வீட்டு அடையாளம் காட்டினான், ஒருவன் எண்ணெய் ஊற்றினான், ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை கைகளையும் அந்த ஒரு உவமை மறைத்துவிட்டது. மனிதன் செய்ததை இயற்கை செய்ததாக ஆக்கிவிட்டது. கூட்டத்தில் கை தட்டல் இருந்தது. அடுத்த மாதத் தேர்தலில் 400-க்கு மேல் தொகுதியும் கிடைத்தது. அந்த அளவுகோலில் அது வெற்றிப் பேச்சு. ஆனால் கணவனையும் பிள்ளையையும் இழந்த ஒரு சீக்கியத் தாய் அதைக் கேட்டிருந்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? துக்கப் பேச்சுக்கு அந்தக் காதுதான் தராசு என்று நான் நினைக்கிறேன். 2005 ஆகஸ்டில், நானாவதி ஆணைய அறிக்கை வந்த பிறகு, பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் எழுந்து, சீக்கியர்களிடம் மட்டுமல்ல, நாட்டு மக்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், வெட்கித் தலை குனிகிறேன் என்ற பொருளில் பேசினார். அவரும் அதே கட்சி. 21 வருஷம் ஆயிற்று. அந்தப் பேச்சில் மரம் கிடையாது, பூமி கிடையாது.

இதிலிருந்து நீங்கள் ஒன்றைக் கவனிக்கலாம் அம்மா. துக்க மேடையில் பேசுபவர் எந்த வினைச்சொல்லைப் போடுகிறார் என்று பாருங்கள். தீ வைத்தார்கள் என்பதற்கும் தீப்பிடித்துவிட்டது என்பதற்கும் எவ்வளவு தூரம்! அலுவலகக் கோப்புகளில் 25 வருஷத்துக்கு மேல் குடியிருப்பவன் நான். ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதினால் யார் எடுப்பார் என்பது அதில் இருக்காது. அதற்காகவே அப்படி எழுதுவது. உங்கள் ஊருக்கு வந்தவர் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்கிறீர்கள். செய்பவர் யார் என்பது அதில் இருக்கிறது, அந்த மட்டில் சரி. ஆனால் எதை, எப்போது, எந்த அலுவலகத்தில் என்பது இல்லை. எல்லாவற்றையும் என்று சொன்னால் எதையும் சொல்லவில்லை என்றுதான் கணக்கு.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் மிராசுதார்களுக்கும் பல மாதமாகத் தகராறு. அன்று இரவு அடியாட்கள் வந்தபோது ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், வெளியே பூட்டித் தீ வைத்துக் கொன்றார்கள். எல்லோரும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். அப்போது முதலமைச்சர் அண்ணா, உடல் நலம் மிகவும் கெட்டிருந்த நேரம். அடுத்த பிப்ரவரி 3 அன்று அவரே மறைந்துவிட்டார். கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, தஞ்சைப் பகுதிக்கு. வழக்கு வேறு திசையில் போனது. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கார் வைத்திருக்கும் வசதியானவர்கள் நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் தீர்ப்பு இருந்தது.

ஒவ்வொரு டிசம்பர் 25-ஆம் தேதியும் அந்த நினைவிடத்தில் தலைவர்கள் பேசுகிறார்கள். 50 வருஷத்துக்கு மேலாக. அவற்றை எப்படி எடைபோடுவது? சிலர் கூலியைப் பற்றியே பேசுவார்கள், இறந்த 44 பேரும் ஒரே சேரியைச் சேர்ந்தவர்கள் என்பது பேச்சில் வராது. சிலர் சாதியைப் பற்றியே பேசுவார்கள், அரைப்படி நெல் வராது. எனக்கு இரண்டுமே அரைக் கிணறு. ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லாத பேச்சு, எத்தனை கண்ணீரோடு இருந்தாலும், இறந்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இதைப் படிப்பவர்களில் கூலி கொடுப்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தை மாதம் கொடுப்பார்கள், ஆடியில் வாங்குவார்கள். அதனால் வெண்மணி யாருக்கோ நடந்தது என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த நினைவிடம் மேடையைவிட மேல். 44 பேருடைய பெயரும் கல்லில் இருக்கிறது. பேசுபவர் மறந்தாலும் கல் மறக்காது.

பெயர் என்றதும் இன்னொன்று. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் ஒருவன் புகுந்து சுட்டான். 51 பேர் இறந்தார்கள். பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் நான்காம் நாள் நாடாளுமன்றத்தில், இறந்தவர்களின் மதத்து வணக்கத்தைச் சொல்லித் தொடங்கினார். கொன்றவன் பெயரை நான் ஒருநாளும் உச்சரிக்க மாட்டேன், இறந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். பேச்சு அழகாக இருந்தது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஏப்ரல் 10 அன்று அந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. சம்பவத்திலிருந்து 26 நாள். நம் வட்டத்தில் பட்டா மாறுதலுக்கே அதைவிட நாள் ஆகிறது.

அமெரிக்காவில் 2011 ஜனவரி 8 அன்று டூசான் நகரில் ஒரு பெண் உறுப்பினர் கடை வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு. 9 வயதுச் சிறுமி உட்பட 6 பேர் இறந்தார்கள். நான்காம் நாள் நினைவுக் கூட்டத்தில் அதிபர் ஒபாமா ஆறு பேரையும் தனித்தனியே எடுத்துச் சொன்னார். மனைவி மேல் விழுந்து தன் உடம்பில் குண்டை வாங்கிக்கொண்ட கணவரைப் பற்றிக்கூடச் சொன்னார். எதிர்க்கட்சியின் பேச்சுதான் காரணம் என்று அந்த வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. எதிராளிகளே பாராட்டினார்கள். கூட்டம்தான் திருவிழாபோல ஆரவாரம் செய்தது என்று குறை சொன்னார்கள். ஆனால் அதன் பிறகு அந்த நாட்டுத் துப்பாக்கிச் சட்டம் பத்து வருஷத்துக்கு மேல் அசையவில்லை. பேச்சு மட்டும் நல்லது. இதை நல்ல பேச்சு என்பதா? என் கணக்கில் பாதி மார்க். மீதிப் பாதி அவர் கையில் மட்டும் இல்லை என்பதும் உண்மைதான்.

பேச்சே தேவைப்படாத ஒன்றும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் கார்டு லைனில், 1956 நவம்பர் 23 விடிகாலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை அரித்துப்போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு அவர் என்ன செய்வார்? பிரதமர் நேருவும், இவர் குற்றவாளி என்பதற்காக அல்ல, முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். இங்கே உண்மையிலேயே இயற்கைதான் காரணம். ஆனாலும் அந்த மனிதர் இயற்கையின் பின்னால் ஒளியவில்லை. மேலே சொன்ன மரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததும் இயற்கைதான். இடிக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் இடிக்குப் பிறகு ஒரு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு 4 லட்சம் கிடைக்காததற்கு இடி காரணமில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அழுதார் என்பதை நான் தராசில் வைக்க மாட்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம், நமக்குத் தெரிய வழியில்லை. எவ்வளவு நேரம் பேசினார் என்பதும் பெரிதல்ல, என்றாலும் முக்கால் மணி நேரம் துக்க வீட்டுக்கு அதிகம். 1863-இல் அமெரிக்கப் போரில் மாண்டவர்களின் கல்லறை நிலத்தில் ஒரு பெரிய பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார், அவருக்குப் பின் லிங்கன் இரண்டு மூன்று நிமிடம் பேசினார். உலகம் வைத்திருப்பது எதை என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். அந்த முக்கால் மணியில் இறந்தவரைப் பற்றி எத்தனை நிமிடம், தன் கட்சியைப் பற்றி எத்தனை நிமிடம்? அவர் என்ன பயிர் வைத்திருந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதாவது பேசியவருக்குத் தெரிந்திருந்ததா? 4 லட்சம் ரூபாய்க்கு வழி இருக்கிறது, இன்ன அலுவலகத்தில் இன்ன காகிதத்தைக் கொடுங்கள் என்று ஒரு வரி சொன்னாரா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சொல்லவில்லை. அப்படியானால் அது நல்ல பேச்சு அல்ல அம்மா. அதைவிடவும் ஒரு படி கீழே. வாக்குறுதி கொடுத்து அதை நிறைவேற்றாமல் இருப்பது ஒன்று. வாக்குறுதி கொடுத்ததாலேயே நீங்கள் தாலுகா ஆபீசுக்குப் போகாமல் இருந்துவிட்டீர்களே, அது அந்தப் பேச்சு செய்த தீங்கு. அவர் பேசவே இல்லையென்றால் இந்நேரம் பணம் வந்திருக்கும்.

மறுபடி கூப்பிடலாமா என்று கேட்டீர்கள். கூப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரைப் பகைத்துக்கொண்டு அந்தப் பெண்ணால் அங்கே வாழ முடியாது. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரியில் 2021 அக்டோபர் 3 அன்று விவசாயிகள் மேல் வண்டி ஏற்றப்பட்டு இறந்தார்கள். 12-ஆம் தேதி நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் எந்த அரசியல் கட்சித் தலைவருக்கும் மேடையில் இடமில்லை என்று விவசாய சங்கங்கள் முடிவு செய்தன. வந்த தலைவர்கள் கீழே ஜனங்களோடு உட்கார்ந்தார்கள். ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. அதையே நீங்களும் செய்யலாம். வரட்டும், பாயில் உட்காரட்டும், பூப் போடட்டும்.

நம் செஞ்சியில் ஒரு கதை இருக்கிறதே. 1714-இல் இறந்த தேசிங்கை ஊர் பாடும்போது அவனை மட்டும் பாடுவதில்லை. கூட விழுந்த தோழன் மகபத்கானையும், குதிரையையும் சேர்த்துத்தான் பாடும். நீலாம்பூண்டிப் பக்கம் போனால் வயதானவர்கள் இடம் காட்டுவார்கள். 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் வந்ததாகச் சொல்கிறார்களே என்று அவர்களிடம் கேட்டால், அப்படியா என்பார்கள். அவர்களுக்குப் பாட்டுப் போதும். சொல்ல வந்தது, இறந்தவனைப் பற்றிப் பேசக் கூடவே இருந்தவர்கள்தான் சரியானவர்கள். உங்கள் நாத்தனாரையோ, அவர் வீட்டுக்காரரோடு கழனியில் வேலை செய்தவர்களில் ஒருவரையோ முதலில் பேச விடுங்கள். இரண்டு வார்த்தை போதும். அதன் பிறகு அந்தத் தலைவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டு எண்ணையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இந்தக் கோப்பு தாசில்தார் அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள், மேடையில் அதை மட்டும் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாரென்றால் அன்றைக்கு நானும் உங்களோடு சேர்ந்து கை தட்டுகிறேன். வாரிசுச் சான்றில் சிக்கல் ஏதும் இருந்தால் புதன்கிழமை முற்பகல் செஞ்சி அலுவலகத்துக்கு வாருங்கள், மனு எழுத உதவி செய்கிறேன். வரும்போது பழைய குடும்ப அட்டையையும் எடுத்து வாருங்கள்.